தீர்ந்ததாகக் கருதப்படுகிறது

அந்தக் கட்டடத்தின் வாசலில் அவள் போய் நின்றபோது மதியம் இரண்டு மணி இருக்கும். நல்ல வெயில். தெருவில் ஆளும் வண்டியுமாக இருந்தது. பயப்படுவதற்கான நேரமும் அல்ல, இடமும் அல்ல. கீழே ஒரு கண்ணாடிக் கடை, முதல் மாடியில் பல் மருத்துவர், இரண்டாவதில் தையல் கூடம், மூன்றாவதில் ஏதோ ஒரு காப்பீட்டு அலுவலகம். நாலாவது மாடி காலி. 'வாடகைக்கு விடப்படும்' என்று எழுதித் தொங்கவிட்ட அட்டை வெளுத்துப்போய், 'விடப்படும்' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

"யாரப் பாக்கணும்மா?" என்றார் காவலாளி.

"லிஃப்ட் மெக்கானிக்கோட பை இங்க இருக்குன்னு போன் பண்ணீங்களே."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நீங்க அவருக்கு…"

"அக்கா."

"மேல மோட்டார் ரூம்லதான் இருக்கும்மா. யாரும் தொடல. நாப்பது நாளாச்சு, யார் வந்து எடுப்பாங்கன்னு பாத்துட்டே இருந்தேன்." சாவியைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். "லிஃப்ட்லயே போங்களேன். பூட்ட மாத்திட்டாங்க, இப்ப நல்லா ஓடுது." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நடந்தே போறேன்."

முதல் மாடியில் பல் துளைக்கும் மெஷினின் கூச்சம் தரும் ஓசை. இரண்டாவதில் பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின்கள் சேர்ந்தாற்போல் இரைந்தன. மூன்றாவதில் யாரோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் நாலைந்து படி ஏறியதும் எல்லாச் சத்தமும், வாயில் துணியை அடைத்ததுபோல் நின்றுபோனது.

நாலாவது மாடியில் அவன் வாசம் இருந்தது.

கிரீஸும் ஈர இரும்பும் கலந்த வாசம். பதினைந்து வருடமாக அவன் சட்டைகளைத் துவைத்தும் போக்க முடியாத வாசம். அவள் மூச்சை இழுத்தாள். பிறகு, இழுத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். கிரீஸ் எல்லா லிஃப்டிலும்தான் இருக்கும்.

லிஃப்ட் கதவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துத்தான் ஏறினாள். ஆனாலும் பார்த்தாள். பழைய சாம்பல் நிறக் கதவில் புதுப் பூட்டு மட்டும் பளபளவென்று, பொய்ப்பல் மாதிரி இருந்தது. இந்தக் கதவுதான், கூண்டு இல்லாத நேரத்தில் திறந்துகொண்டது. இதற்குள்தான் அவன் நாலு மாடி விழுந்தான்.

அவள் அதைக் கடந்து மாடிப்படியில் கால் வைத்தாள்.

டக் டக். டக்.

உள்ளேயிருந்து.

அவள் கை தானாகப் போய்க் கதவில் ஒருமுறை தட்டியது. டக்.

தட்டிய பிறகுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். அது அவர்கள் வீட்டுப் பழக்கம். அப்பா அம்மா போன பிறகு அவர்கள் இருவர்தான். அவன் வேலை முடிந்து வந்தால் அழைப்பு மணியை அடிக்க மாட்டான். இரண்டு தட்டு, சற்று இடைவெளி, ஒரு தட்டு. உள்ளேயிருந்து அவள் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திறப்பாள். பதினைந்து வருடம் தினம் செய்ததைக் கை எப்படி மறக்கும்?

"அம்மா!" கீழேயிருந்து காவலாளியின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. "லிஃப்ட் கீழதான் நிக்குது. ஆளே இல்ல. வேணும்னா மேல அனுப்பட்டா?"

அவள் மேலே ஏறினாள். மோட்டார் அறையைத் திறந்து, பையை எடுத்துக்கொண்டு, அந்த மாடியைப் பார்க்காமல் இறங்கினாள். படி முழுக்க, கண்ணாடிக் கடை வரைக்கும், கிரீஸ் வாசம் கூடவே வந்தது. பையிலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

*

பையில் ஸ்பேனர்கள், டெஸ்டர், காலையில் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்த டப்பா, அணைந்துபோன போன். வீட்டில் போனைச் சார்ஜில் போட்டாள். உயிர் வந்ததும் அவன் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் தானாகத் திறந்தது. லிஃப்ட் வேலை செய்பவர்களின் மன்றம். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் மெக்கானிக்குகள் எழுத்தில் கூடிப் பேசும் இடம். அங்கே ஒரு கேள்வியையும், அதன் கீழே வரிசையாக வரும் பதில்களையும் சேர்த்துத் திரி என்பார்கள்.

அவன் திரியின் தலைப்பு மேலே இருந்தது.

'தீர்ந்தது: நாலாவது மாடிக் கதவு.'

அவள் அதை மூன்று முறை படித்தாள்.

அவன் அங்கே வைத்துக்கொண்ட பெயர் 'தம்பி'. "ஏண்டா, வேற பேரே கிடைக்கலயா?" என்று அப்போது கேட்டாள். "அங்க எல்லாம் பெரிய பெரிய கை அக்கா. எப்படியும் தம்பின்னுதான் கூப்பிடப் போறாங்க. முன்னாடியே வச்சிட்டா ஒரு வேலை மிச்சம்" என்றான்.

கேள்வியை அனுப்புவதற்கு முன் அவளிடம்தான் காட்டினான். அவள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். அடுத்தவர் பிழையைத் திருத்திச் சாப்பிடுகிறவள். அவனோ பிழையிலேயே பிறந்தவன். ர எங்கே, ற எங்கே என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. ஒற்று போடவே மாட்டான். "ஒத்து போடுடா, எத்தன தடவ சொல்றது" என்றால், "ஒத்து போடலன்னா லிஃப்ட் ஏறாதா?" என்பான். அன்று அச்சகத்தில் அவளுக்குத் தலைக்குமேல் வேலை. அவன் அனுப்பிய ஏழு வரியை நாலாகச் சுருக்கி, பிழை நீக்கித் திருப்பி அனுப்பினாள். அதை அப்படியே மன்றத்தில் போட்டிருந்தான். கூண்டு கீழே நிற்கும்போதே நாலாவது மாடிக் கதவு திறந்துகொள்கிறது, பூட்டையும் கம்பிகளையும் பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது, வேறு என்ன காரணம் இருக்கும்?

அவ்வளவுதான் கேள்வி. கீழே பெரிய கைகள் வரிசையாக வந்தார்கள்.

கப்பி என்ற பெயரில் ஒருவர், ஒன்பதாயிரம் பதிவு எழுதியவர்: 'தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. ஆயிரம் முறை பேசிய விஷயம். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்க்கவும்.'

எண்ணெய்க்கை என்பவர்: 'வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.'

மன்றத்தைக் கட்டி மேய்க்கும் மட்டுறுத்துநர், பெயர் நடுவர்: 'பகுதி தவறு. கதவுகள் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன்.'

அவன் எழுதியிருந்தான், அவளிடம் காட்டாமல்: 'வணக்கம் ஐயா. தேடி பாத்தேன் கிடைக்கல. நாளைக்கு காலைல ஏரனும். யாறாவது சொல்லுங்க.'

கப்பி: 'நாளைக்குக் காலையில் ஏற வேண்டுமென்றால் போன வாரமே கேட்டிருக்க வேண்டும் தம்பி.'

பிறகு யாரோ ஒருவர் லிஃப்ட் என்று எழுதலாமா, மின்தூக்கி என்றுதான் எழுத வேண்டுமா என்று கேட்டுவைத்தார். அதற்கு முப்பத்தொரு பதில். முப்பத்தொன்று! அன்று மாலையும் மறுநாள் காலையும் அவர்கள் மின்தூக்கிக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலையில் ஒன்பதே முக்காலுக்கு அவன் விழுந்தான். பத்து மணிக்கு எண்ணெய்க்கை எழுதியிருந்தார்: 'தூக்கி என்றால் இறக்காதா?' அதற்கு ஏழு சிரிப்புப் பொம்மைகள்.

கடைசிப் பதிவு நடுவருடையது. 'கேட்டவர் ஏழு நாட்களாகப் பதில் தரவில்லை. சிக்கல் தீர்ந்ததாகக் கருதப்படுகிறது. திரி பூட்டப்பட்டது.'

அவள் போனைச் சுவரில் விட்டெறியப் போனாள். அவன் போன் என்பதால் எறியவில்லை.

*

ஒரே ஒரு சொல்லை எடுக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் செத்ததற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்தத் 'தீர்ந்தது' போக வேண்டும்.

'அக்கா' என்ற பெயரில் மன்றத்தில் சேர்ந்தாள். புதுத் திரி தொடங்கி எழுதினாள்: 'தம்பி என்ற உறுப்பினரின் கேள்வி தீரவில்லை. தலைப்பில் உள்ள அந்தச் சொல்லை நீக்குங்கள்.'

அரை மணியில் பதில் வந்தது. 'புதிய உறுப்பினர்கள் முதலில் அறிமுகப் பகுதியில் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். திரி நீக்கப்பட்டது.'

பல்லைக் கடித்துக்கொண்டு அறிமுகப் பகுதிக்குப் போனாள். 'நான் தம்பியின் அக்கா. நாலாவது மாடிக் கதவைப் பற்றிக் கேட்டவன் அந்தக் கதவு வழியே விழுந்து இறந்துவிட்டான்.'

அதன் கீழே பதினோரு பேர் 'வருக வருக' என்று எழுதினார்கள். பூங்கொத்துப் படம் போட்டார்கள். ஒருத்தர்கூட இரண்டாவது வரியைப் படிக்கவில்லை. கப்பி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதினார்: 'நல்வரவு சகோதரி. மன்ற விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.'

படித்தாள். பிழை தேடுகிற கண்ணோடு படித்தாள். விதி ஆறு: அணைந்த திரியைக் கொளுத்தக் கூடாது. முப்பது நாளுக்கு மேல் பேச்சில்லாமல் கிடக்கும் திரியைப் பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாதாம். நாற்பது நாள் ஆகிவிட்டது. அவன் அணைந்த திரி.

அவள் கொளுத்தினாள். கதவுகள் பகுதியில், கயிறுகள் பகுதியில், பொதுப் பேச்சில், பிறந்தநாள் வாழ்த்துப் பகுதியில்கூட. ஒரே வரி. 'என் தம்பியின் கேள்வி தீரவில்லை.' போடப் போட நீக்கினார்கள். 'உணர்ச்சிவசப்படாமல் எழுதவும்' என்றார் எண்ணெய்க்கை. அவள் அன்று அச்சகத்தில் அவன் திரி முழுவதையும் அச்செடுத்து, சாப்பாட்டு நேரத்தில் சிவப்புப் பேனாவால் பிழை திருத்தினாள். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்க்கவும். கேட்க்கவும்! ஒன்பதாயிரம் பதிவு எழுதியவருக்கு 'கேட்க' எழுத வரவில்லை. அந்த இடத்தில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு மேசையில் இறங்கியது.

நிமிர்ந்து அச்சகத்துக் கணினியைப் பார்த்தாள். மன்றத்தின் பக்கம் திறந்தே இருந்தது. யார் யார் இப்போது வந்திருக்கிறார்கள் என்று அடியில் ஒரு வரி ஓடும்.

இப்போது மன்றத்தில்: நடுவர், எண்ணெய்க்கை, அக்கா, தம்பி.

தம்பி.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

அவன் போன் வீட்டில், அணைத்து, அலமாரிக்குள் இருந்தது. சாவி அவள் இடுப்பில்.

பூட்டப்பட்ட திரியைத் திறந்தாள். நடுவரின் கடைசிப் பதிவுக்குக் கீழே, எதுவும் எழுத முடியாத இடத்தில், ஒரு வரி இருந்தது. ஒரு நிமிடம் முன்பு எழுதியது.

'கதவை தட்டினா உள்ளருந்து திறுப்பி தட்டுது.'

அந்த வரி மன்றத்தில் எவருக்கும் தெரியாது. அவனுடைய ஏழு வரியில் கடைசி வரி அது. அவள்தான் வெட்டினாள். 'இதை எடுத்துட்டேன், பேய்க்கதைன்னு சிரிப்பாங்க' என்று எழுதி அனுப்பினாள். 'சறி அக்கா' என்று பதில் வந்தது. அதுதான் அவன் அவளுக்கு எழுதிய கடைசிச் சொல்.

*

மன்றம் அமளிப்பட்டது. பூட்டிய திரியில் எழுத யார் உரிமை கொடுத்தது என்று கப்பி கேட்டார். எழுத்துப் பிழைகளைக் கவனிக்குமாறு எண்ணெய்க்கை கேட்டுக்கொண்டார். நடுவர் அந்த வரியை நீக்கினார். மறுபடி வந்தது. தம்பியின் கணக்கையே நீக்கினார். கணக்கே இல்லாத பெயரில், அதே பிழைகளோடு, அதே வரி மறுபடி வந்தது. மாலைக்குள் பதினேழு முறை.

ஐந்து மணிக்கு நடுவரிடமிருந்து தனிமடல். ஒரு தொலைபேசி எண், ஒரு சொல்: 'பேசவும்.'

அச்சகத்தின் காகிதக் கிடங்குக்குள் போய் நின்று கூப்பிட்டாள். வயதான குரல்.

"ஏம்மா, எதுக்கும்மா இந்த விளையாட்டு? செத்தவன் பேர்ல எழுதறது பாவம் இல்லையா?"

"நான் எழுதறேனா? நீங்கதான் எழுதறீங்க! பூட்டுச் சாவி உங்க கையிலதானே இருக்கு?"

"எனக்கு எதுக்கும்மா வேலையத்துப்போய்…"

"வேலையத்துப்போய்த்தானே முப்பத்தொரு பேர் மின்தூக்கிக்கு அடிச்சிக்கிட்டீங்க? ஒருத்தன் நாளைக்கு ஏறணும், யாராவது சொல்லுங்கன்னு கேக்கறான். பகுதி தவறுன்னு எடுத்து அந்தாண்ட வைக்கறீங்க. வணக்கம் சொல்லலயாம்! அவன் விழும்போது வணக்கம் சொல்லிட்டு விழுந்திருக்கணுமா? ஏழு நாள் பதில் தரலன்னா தீர்ந்துச்சுன்னு அர்த்தமா? ஆள் தீர்ந்துட்டான்யா! அதத்தான் தலைப்புல எழுதி வச்சிருக்கீங்களா?"

கிடங்கில் காகிதக் கட்டுகள் சத்தத்தை விழுங்கிக்கொண்டன.

"நான் படிக்கலம்மா" என்றார் அவர். "அறிமுகப் பகுதில நீங்க எழுதினத. மடல் போடறதுக்கு முன்னாடிதான் தேடிப் பாத்தேன். நானும் வருக வருகன்னுதான் போட்டிருக்கேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒண்ணு கேக்கட்டா? தட்டுதுன்னு ஒரு வரி வருதே. அது நெஜமாவே அவர் எழுதினதா?"

"ஆமா."

"அப்ப கேள்வியிலயே ஏன் போடல?" குரல் உயர்ந்தது, இப்போது அவருக்கும் கோபம். "நாப்பது வருஷம் லிஃப்ட்ல இருந்தவன்மா நான். கதவு தானாத் திறக்குதுன்னா நூறு காரணம் இருக்கும். உள்ளருந்து தட்டுதுன்னு ஒரு வார்த்த போட்டிருந்தா நான் பகுதி மாத்திட்டு இருந்திருப்பேனா? போன் நம்பர் வாங்கி, தம்பி, அந்த மாடிப் பக்கமே போகாத, பைய எடுத்துட்டு வீட்டுக்குப் போன்னு சொல்லியிருப்பேன். கப்பிகூடச் சொல்லியிருப்பான். அந்தக் காலத்து ஆளுங்க அத்தன பேருக்கும் அது தெரியும். யாரும்மா அந்த வரிய எடுத்தது?"

காகிதக் கட்டின்மேல் அவள் உட்கார்ந்தாள்.

"நான்தான்."

நாற்பது நாளாக அவள் சுமந்து திரிந்த கோபம் முழுவதும் ஒரே அடியில் திரும்பி வந்து அவள் மடியில் விழுந்தது. சிவப்புப் பேனா இன்னும் கையில் இருந்தது.

"அது என்ன சார்?" என்று மெல்லக் கேட்டாள். "எது தட்டுது?"

"தெரியாது. சில லிஃப்ட் குழி அப்படி. தெரிஞ்சவங்க யாரும் திரும்பி வந்து பதில் எழுதல." அவர் தொண்டையைச் செருமினார். "நமக்குத் தெரிஞ்சவங்க தட்டற மாதிரியே தட்டும்னு சொல்லுவாங்க. திருப்பித் தட்டக் கூடாது. தட்டினா நாம இருக்கற இடம் அதுக்குத் தெரிஞ்சுடும். அவர் தட்டியிருக்கார், பாருங்க. நீங்க அந்தப் பக்கம் போகலயே?"

"பைய எடுக்கப் போனேன்."

"தட்டுச்சா?"

"…ம்."

"நீங்க திருப்பித் தட்டல இல்ல?"

"இல்ல" என்றாள்.

*

அன்றே அவர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். திரியைத் திறந்தும் விட்டார். ஆனால் ஏழு நாள் பேச்சில்லாமல் இருந்தால் மன்றத்தின் மென்பொருளே மறுபடி 'தீர்ந்தது' என்று முத்திரை குத்திப் பூட்டிவிடும். மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் எங்கோ போய்விட்டான், அதை மாற்ற எனக்குத் தெரியாது என்றார். வாரத்துக்கு ஒருமுறை யாராவது எதையாவது எழுத வேண்டும்.

அவள் எழுதினாள். முதலில் அந்த வெட்டிய வரியை, அவன் பிழைகளோடு அப்படியே எழுதினாள். 'திறுப்பி' என்று அடிக்கும்போது விரல் கூசியது. அடித்தாள். அதன் கீழே: 'இந்த வரியை நீக்கியவள் நான்.' பிறகு ஆறு நாளுக்கு ஒருமுறை ஒரே சொல். 'தீரவில்லை.'

அவள் அந்த வரியைத் திருப்பி வைத்ததிலிருந்து, தம்பி என்ற பெயரில் எதுவும் வரவில்லை. பச்சைப் புள்ளி மட்டும் சில நாள் தெரியும்.

மூன்றாவது வாரம் கப்பி வந்தார். 'வாராவாரம் ஒரே சொல்லை எழுதித் திரியை மேலே கொண்டுவருவது மன்ற நாகரிகம் அல்ல சகோதரி.'

'கேட்க்கவும் தவறு. கேட்கவும் என்பதே சரி' என்று அவள் பதில் போட்டாள். அதற்குப் பிறகு கப்பி அந்தத் திரிப் பக்கம் வரவில்லை.

தட்டல் தொடங்கியதும் அந்த மூன்றாவது வாரம்தான்.

முதலில் தெருமுனைக் கடையின் இரும்புக் கதவில். நடந்து போகும்போது, உள்ளேயிருந்து. கடை பூட்டியிருந்தது. அடுத்த வாரம் அவர்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி மூடியில். அதற்கடுத்து, மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டியில்.

டக் டக். டக்.

ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கிட்டே.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குள் வந்தால் ஏதாவது வேலையில் விரல்களைப் பூட்டி வைத்தாள். ஆனால் பயத்துக்கு அடியில் வெட்கம்கெட்ட ஓர் ஆசை இருந்தது. அவனாக இருந்தால்? அவன் பிழைகளோடு எழுதினானே. 'திறுப்பி' என்று இந்த உலகத்தில் வேறு யார் எழுதுவார்கள்? குழிக்குள் இருப்பது எதுவோ இருக்கட்டும். கூடவே அவனும் இருந்தால்?

ஒன்பதாவது முறை எழுத வேண்டிய நாள். விடுமுறை. காலை பதினோரு மணி. பக்கத்து வீட்டில் யாரோ வானொலி வைத்திருந்தார்கள். அவள் கணினியைத் திறந்து திரிக்குப் போனாள்.

வானொலி நின்றது.

நின்றது என்பதைவிட, வாயில் துணியை அடைத்ததுபோல் நின்றுபோனது.

திரியில் அவளுக்கு முன்பே யாரோ எழுதியிருந்தார்கள். தம்பி. பச்சைப் புள்ளி.

'தீரவில்லை அக்கா. கதவைத் திற.'

வாசல் கதவில் தட்டு விழுந்தது. டக் டக். டக்.

கதவிடுக்கு வழியாகக் கிரீஸும் ஈர இரும்பும் கலந்த வாசம் உள்ளே வந்தது. பதினைந்து வருடத்து வாசம். அவள் எப்போது எழுந்தாள், எப்போது கதவுக்கு வந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "வந்துட்டேன்டா" என்று வாய் முணுமுணுத்தது. கை தாழ்ப்பாளில் இருந்தது. தாழ்ப்பாள் பாதி நகர்ந்தும்விட்டது.

வந்த வழியில் ஒருமுறை திரும்பித் திரையைப் பார்த்தாள். அவன் எழுத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மெய்ப்புப் பார்த்துப் பழகிய கண். அது படிக்காது. பிழையைத்தான் தேடும்.

பிழை இல்லை.

தீரவில்லை. ர சரியாக இருந்தது.

திற. ற சரியாக இருந்தது.

கதவைத் திற. நடுவில், எத்தனை தலையில் அடித்துச் சொல்லியும் ஆயுளில் ஒருநாளும் அவன் போடாத அந்தத் 'த்', கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அவள் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்து இறுக்கினாள். பயம் எங்கோ போய்விட்டது. அதைவிடப் பெரியது ஒன்று அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது. அவனைத் தின்றது போதாதென்று அவன் பெயரை, அவன் தட்டை, அவன் வாசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கதவில் முகம் படும்படி நின்று, பல்லிடுக்கில் சொன்னாள்.

"என் தம்பிக்கு ஒத்து போடத் தெரியாது."

வெளியே எந்தச் சத்தமும் இல்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பக்கத்து வீட்டு வானொலி மறுபடி பாடத் தொடங்கியது. அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறாவது நாள் இன்றோடு முடிகிறது, சொல்லை எழுத வேண்டும் என்று திரையைப் பார்த்தாள்.

அந்தப் பதிவின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு புதிதாக வந்திருந்தது. திருத்தப்பட்டது: சற்று முன்.

'தீறவில்லை அக்கா. கதவை திர.'